பத்தொன்பது புள்ளி ஐந்து

நவம்பர் 6, புதன்

இன்று முதல் மாத்திரை. நுரையீரலில் காசநோய். எழுதினால் எப்படி இருக்கிறது என்று பார்க்கவே எழுதினேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது.

பீடி சிகரெட்டைத் தொட்டதில்லை. கண்ட இடத்தில் தின்றதில்லை. நாற்பத்தொரு வயதில் எனக்கென்று எங்கிருந்து வந்து ஒட்டியது இந்தச் சனியன்? இரண்டு மாதமாக இருமலை ஆய்வகப் புகையின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மனைவி பேச்சிதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. என்னிடம் படித்த பிள்ளை மாதிரி இருந்தார்.

"ஆறு மாசம் சார். ஒருநாள் விடாம சாப்பிடணும். யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்படாதீங்க. ஆனா ஒண்ணு. இதுல எத்தாம்புட்டால்னு ஒரு மருந்து இருக்கு. சில பேருக்கு அது கண் நரம்பைப் பிடிக்கும். பார்வை மங்குனாலோ, சிவப்பு பச்சை குழம்புனாலோ அன்னைக்கே வந்துரணும். உடனே நிறுத்துனா பெரும்பாலும் சரியாயிரும். நாள் கடத்துனா நான் பொறுப்பில்ல."

"நான் கெமிஸ்ட்ரி வாத்தியார் மேடம். கலர் பாக்குறதுதான் என் பொழப்பே," என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்தேன். பேச்சி சிரிக்கவில்லை.

பள்ளியில் மூச்சுவிடப் போவதில்லை. ஓவிய ஆசிரியர் குருபாதத்துக்கு இதே நோய் வந்து, நன்றாகக் குணமாகி, அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். ஓய்வு பெறும் நாள்வரை ஆசிரியர் அறையில் அவர் டம்ளர் மட்டும் தனியாக ஜன்னலில் கவிழ்ந்திருந்தது. கவிழ்த்து வைத்தவர்களில் நானும் ஒருவன்.

நவம்பர் 29, வெள்ளி

எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. இரண்டு வாரத்துக்குப் பிறகு யாருக்கும் தொற்றாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்படியென்றால் யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஜனவரி 4, சனி

இருமல் போன இடம் தெரியவில்லை. சிறுநீரில் அந்த ஆரஞ்சு நிறமும் போய்விட்டது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது போல.

ஜனவரி 11, சனி

பொங்கல் சாமான் வாங்கப் போனேன். கரும்பு, மஞ்சள் கொத்து, இரண்டு கிலோ தக்காளி. பையைக் கவிழ்த்த பேச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, என்ன கொடுமைங்க இது? பழம் வாங்கிட்டு வாங்கன்னா, பாதிக்குப் பாதி காயா அள்ளிட்டு வந்திருக்கீங்க! கண்ணை எங்க வச்சுட்டுப் போனீங்க?"

"கடைக்காரன் ஏமாத்திட்டான்."

"நீங்கதான பொறுக்குனீங்க?"

அந்தக் கடையில் டியூப்லைட் சரியில்லை. அவன் வேண்டுமென்றே அப்படிப் போட்டு வைத்திருக்கிறான், திருட்டுப் பயல். பேச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் அவளிடம் எரிந்து விழுந்தேன்.

ஜனவரி 21, செவ்வாய்

தலைமையாசிரியர் தேவசகாயம் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் நான் திருத்திய திருப்புதல் தேர்வுத் தாள்கள்.

"என்ன இன்பசேகரன், ஹெச்.எம். சீட்டு மேல அவ்வளவு ஆசையா? இன்னும் மூணு வருஷத்துல நானே காலி பண்ணிருவேன், அதுவரைக்கும் பொறுக்க மாட்டீங்களா?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முப்பத்தெட்டுத் தாளையும் பச்சை மையில் திருத்தி வைத்திருக்கிறேனாம். பச்சை மையில் எழுத இந்தப் பள்ளியில் அவர் ஒருவருக்குத்தான் உரிமை. அவருடைய பேனா எப்படி என் மேசைக்கு வந்ததென்று தெரியவில்லை. அவசரத்தில் எடுத்துவிட்டேன் என்றேன்.

"முப்பத்தெட்டுத் தாளுக்கும் அவசரமா?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டார், நல்ல மனிதர். திரும்ப உட்கார்ந்து எல்லாவற்றையும் சிவப்பில் திருத்தினேன். பேனாவின் மூடியைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

ஜனவரி 23, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாதிரிச் செய்முறைத் தேர்வு முடியட்டும்.

ஜனவரி 28, செவ்வாய்

இந்த வாரம் பதினொன்றாம் வகுப்புக்கு உப்புப் பகுப்பாய்வு. கற்பிப்பதில் ஒரு புது முறையைக் கொண்டுவந்திருக்கிறேன். வீழ்படிவு என்ன நிறம் என்று நான் சொல்வதில்லை. "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று விட்டுவிடுகிறேன். வகுப்பு முழுக்க ஒரே குரலில் "பச்சை சார்", "செங்கல் சிவப்பு சார்" என்று கத்துகிறது. பிள்ளைகள் தாங்களாகக் கவனிக்கப் பழகுவார்கள். நல்ல முறைதான். வேறு காரணம் ஒன்றுமில்லை.

இன்றே தேர்வுப் பணி ஆணையும் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு, மேலக்கரைப் பெண்கள் பள்ளிக்கு நான் புறத்தேர்வாளர். பதினாறு வருட வேலையில் முதல் தடவை. எத்தனை வருடம் இன்னொருவன் வந்து நம் பிள்ளைகளை அதட்டுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்! இந்த நேரத்தில் போய் டாக்டரிடம் நின்றால், ஓய்வெடு, லீவு போடு, சான்றிதழ் கொடு என்று ஊருக்கே தண்டோரா போட்டதாகிவிடும். தேர்வு முடிந்த மறுநாள் போய்விடுவேன். நிச்சயம்.

பிப்ரவரி 12, புதன்

மேலக்கரை. எட்டரைக்கே போய்விட்டேன். ஜெயசீலி டீச்சர்தான் அகத்தேர்வாளர். இட்லி, வடை, காபி என்று தாம்பாளத்தில் வைத்துத் தாங்கினார்.

பருமனறி பகுப்பாய்வு. பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, கூம்புக் குடுவையில் இருபது மில்லி ஆக்சாலிக் அமிலம், பினாப்தலீன் இரண்டு சொட்டு. நிறமற்ற கரைசல் நிலையான இளஞ்சிவப்பு ஆகும் அந்த ஒரு சொட்டில் நிறுத்த வேண்டும். இதை ஆயிரம் தடவை செய்தவன் நான். பிள்ளைகள் வருமுன் தேர்வாளர் தாமே ஒருமுறை செய்து அளவு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதை வைத்துத்தான் மார்க். நானும் எடுத்தேன்: 20.2. நிறம் வர நேரமாயிற்று. அந்தப் பள்ளியின் பினாப்தலீன் பழசு போலிருக்கிறது. ஜன்னலும் வடக்குப் பார்த்தது, வெளிச்சம் போதாது.

காபி குடிக்கும்போது ஜெயசீலி டீச்சர் மெதுவாகக் கேட்டார். "சார் வேல்யூ எவ்வளவு வந்துச்சு?"

சொன்னேன். எல்லா ஊரிலும் நடப்பதுதான். நானும் என் பள்ளிக்கு வருகிறவர்களிடம் இப்படிக் கேட்டு வாங்கியவன்தான். அரை மணியில் அது ஆய்வகம் முழுக்கப் போய்விடும் என்று தெரியும். ஒரே அணிதான், இருபத்தைந்து பேர். இருபத்துநாலு பேருக்கும் இருபது புள்ளி இரண்டு. என் கையைப் பார்த்து எழுதியது போல அச்சாக வந்துவிட்டது.

ஒரே ஒருத்திக்கு மட்டும் வேறு. தங்கமுனீஸ்வரி என்று பெயர், ஒல்லிப் பெண். கையைத் தூக்கி, "சார், எனக்குப் பத்தொன்பது புள்ளி அஞ்சுலயே வந்துருச்சு," என்றாள்.

போய்ப் பார்த்தேன். வெள்ளை ஓட்டின் மேல் குடுவை இருக்கிறது. உள்ளே தண்ணீர் மாதிரி இருக்கிறது.

"எங்க வந்திருக்கு? இன்னும் விடு."

"வந்துருச்சு சார். நல்லா ரோஸா இருக்கு, பாருங்க."

"மறுபடி செய்."

மறுபடி செய்தாள். மூன்றாம் தடவையும் செய்தாள். மூன்று தடவையும் பத்தொன்பது புள்ளி ஐந்து. மூன்று தடவையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "இருபத்துநாலு பேருக்கு ஒரு கண்ணு, உனக்கு மட்டும் தனிக் கண்ணா? மொதல்ல ஆஸ்பத்திரியில போய்க் கண்ணைக் காட்டு," என்றேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பத்தொன்பது புள்ளி ஐந்து என்றே எழுதினாள். பிழை மூன்று சதவீதத்துக்கு மேல். அளவுக்கான மார்க்கில் பாதிக்கு மேல் வெட்டினேன்.

பிடிவாதக்காரி. இவ்வளவு பிடிவாதம் ஆகாது.

பிப்ரவரி 13, வியாழன்

மதிப்பெண் பட்டியல் ஏற்றியாயிற்று. கையெழுத்தும் போட்டாயிற்று. டாக்டரிடம் போக நினைத்தேன், பஸ் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாலை நாலு மணிக்கு எங்கள் ஆய்வகத்தில் புதிதாகக் கலக்கிய ஹைட்ராக்சைடுக் கரைசலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஆய்வக உதவியாளர் ராஜகனியம்மா பக்கத்தில் சோதனைக் குழாய் கழுவிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக இந்த ஆய்வகத்தைக் கட்டி ஆள்கிற அம்மாள். திடீரென்று குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், அது அப்பவே செவந்துருச்சே. நீங்க என்னத்துக்கு இன்னும் விட்டுக்கிட்டே இருக்கீங்க?"

குடுவையைப் பார்த்தேன். தண்ணீர்.

"இன்னும் வரலயேம்மா."

"என்ன சார் வெளையாடுறீங்க? பீட்ரூட் தண்ணி கணக்கா இருக்கு!"

பியூரெட்டைக் கழுவி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை அவரைக் குடுவையைப் பார்க்கச் சொன்னேன். "செவந்ததும் சொல்லுங்க." 18.9இல் "போதும் சார்" என்றார். குறித்துக்கொண்டேன். பிறகு என் கண்ணுக்கு ஏதோ கொஞ்சம் கருத்தது போலத் தோன்றும்வரை விட்டேன். 19.6. மறுபடி செய்தேன். அவருக்கு 18.9, எனக்கு 19.6. மூன்றாவது முறையும் அதே. ஒத்த அளவீடு. என் கண்ணுக்கும் ஒரு நல்ல கண்ணுக்கும் இடையில் புள்ளி ஏழு மில்லி.

இருபது புள்ளி இரண்டில் புள்ளி ஏழைக் கழித்தால் என்ன வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராஜகனியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆஸ்பத்திரி. புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் நிறச் சோதனைப் புத்தகத்தைக் காட்டினார்கள். முதல் பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது. அது எல்லாருக்கும் தெரியுமாம். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகப் புள்ளிகள்தான் இருந்தன.

"எப்ப இருந்து சார் இப்படி?" என்றார் டாக்டரம்மா.

"நேத்துத்தான் மேடம் கவனிச்சேன்."

பேச்சி குறுக்கே புகுந்தாள். "பொய் சொல்றார் மேடம். பொங்கலுக்கு முந்தியே தக்காளி மாறிப்போச்சு. நான் கேட்டா வள்ளுனு விழுவார்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அன்னைக்கே வந்துரணும்னு சொன்னேன்ல சார்? நீங்க படிச்சவர்தான?"

அந்த மருந்தை நிறுத்தியாயிற்று. மற்றவை தொடரும். பார்வை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், ஆறு மாதம் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றார். ஐந்து வாரம் முன்னால் வந்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது பேச்சி கேட்டாள்: "ஒரு டம்ளருக்குப் பயந்தா இந்தக் கண்ணைக் குடுத்தீங்க?"

பிப்ரவரி 20, வியாழன்

தேவசகாயம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோயையும் சேர்த்துத்தான். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். ஆனாலும் எனக்கு முன்னாலேயே தேர்வு அலுவலகத்துக்குப் போன் போட்டு, பேசச் சொல்லிக் கையில் கொடுத்தார்.

அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சார், ஒரு பொண்ணுக்கு ஏத்தணும்னா மத்த இருபத்துநாலு பேருக்கு இறக்கணும். அவங்க எல்லாருக்கும் உங்க தப்பு வேல்யூ எப்படி வந்துச்சுன்னு கேள்வி வரும். யாரு சொன்னாங்கன்னு வரும். மேலக்கரை டீச்சருக்கு மெமோ போகும், உங்களுக்கும் போகும். பொண்ணு பாஸ்தான? விடுங்க."

எழுத்தில் அனுப்புகிறேன் என்றேன். "அனுப்புங்க, ஃபைல்ல கெடக்கட்டும்," என்றார்.

ஜெயசீலி டீச்சருக்கும் போன் செய்தேன். "பரீட்சை முடியுற வரைக்கும் அந்தப் புள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க சார், குழம்பிப் போயிரும்," என்றார். அது நியாயம். "என் பேரை மட்டும் எழுதிராதீங்க சார், ரெண்டு வருஷத்துல ரிட்டயர்மெண்ட்," என்றும் சொன்னார். அதை என்னவென்று சொல்வது? கடிதத்தில் வேல்யூவைச் சொன்னது நான் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மார்ச் 3, திங்கள்

பொதுத்தேர்வு தொடங்கியது. ஆசிரியர் அறையில் என் டம்ளர் ஜன்னலில் கவிழ்ந்திருந்தது.

மார்ச் 14, வெள்ளி

அலுவலகத்திலிருந்து இரண்டு வரிப் பதில். பதிவேற்றிய மதிப்பெண் இறுதியானது. என் மீது விளக்கம் கேட்டுத் தனியாகக் கடிதம் வரும்.

சிவப்பு இன்னும் வரவில்லை. வாசலில் செம்பருத்தி பூத்திருக்கிறது என்று பேச்சி சொன்னாள். இலைக்கு நடுவில் தேடிப் பார்த்தேன், வடிவத்தை வைத்துக் கண்டுபிடித்தேன்.

மார்ச் 26, புதன்

நேற்றோடு பரீட்சை முடிந்தது. இன்று மேலக்கரைக்குப் போனேன். நூலகப் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் பிள்ளைகள் வருவார்கள் என்று ஜெயசீலி டீச்சர் சொல்லியிருந்தார். ஆய்வகத்தில் அதே ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். டீச்சரும் கூடவே இருந்தார். என்னைத் தனியாக விட அவருக்குப் பயம்.

தங்கமுனீஸ்வரி வந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நான் வாயைத் திறக்குமுன் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

"நீங்க சொன்னீங்கன்னு கண்ணு காட்டுனேன் சார். அப்பா தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாரு."

கண் மருத்துவமனைச் சீட்டு. இரண்டு கண்ணும் ஆறுக்கு ஆறு. நிறப் பார்வை இயல்பு.

"கண்ணுல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க சார். அப்ப என் கைதான் சரியில்ல போல. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி எடுக்கணும்னு இருந்தேன். எதுக்கு வம்புன்னு பி.காம்.க்கே சொல்லிட்டேன்."

"உன் கையிலயும் ஒண்ணுமில்லம்மா," என்றேன். "உன் ரீடிங்தான் சரி. எனக்குத்தான் கண்ணு தெரியல."

நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து லேசாகச் சிரித்தாள். மாத்திரையைச் சொன்னேன், தக்காளியைச் சொன்னேன், ராஜகனியம்மாவை வைத்து அளந்ததைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. பின்னலில் கட்டியிருந்த ரிப்பனைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இது என்ன கலர் சார்?"

"தெரியலம்மா."

ரிப்பனை மறுபடி பின்னால் தள்ளினாள். "அப்ப மத்தவங்களுக்கெல்லாம் எப்படி சார் இருபது புள்ளி ரெண்டு வந்துச்சு?"

ஜெயசீலி டீச்சர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் அவளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

"நான் சொன்னேன். அது அப்படியே எல்லாருக்கும் போயிருச்சு."

"எனக்கும் வந்துச்சு சார். பக்கத்து டேபிள்ல சொன்னாங்க. நான்தான் எழுதல. குடுவையில பாத்ததைத்தானே எழுதணும்னு இருந்துட்டேன்."

அவளுக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும், நான் மூன்று தடவை அதட்டியும், அவ்வளவு பேர் சிரித்தும், பார்த்ததை எழுதியிருக்கிறாள். இந்தப் பதினாறு வருடத்தில் அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. பார்த்த ஒருத்திக்கும் மார்க்கை வெட்டிவிட்டேன்.

"மார்க் மாறுமா சார்?"

"எழுதிக் கேட்டேன்மா. மாறாதுன்னுட்டாங்க."

சீட்டை வாங்கி முன்பிருந்த மடிப்பிலேயே மடித்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"அப்பறம் எதுக்கு சார் வந்து சொல்றீங்க?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அப்போது மணி நாலரை. பஸ் ஆறு மணிக்குத்தான்.